ஏலும், ஏலாது, சும்மா இருக்க ஏலாது

திருகோணமலையில் விரிகுடாவுக்குள் வந்து நங்கூரமிடும் கப்பல்களுக்கு மரக்கறி, மீன், குடிதண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வேலை செய்கிறேன். எனக்குக் கடதாசி வேலை. எங்கள் களஞ்சியத்தைப் பார்ப்பவர் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் மனிதர்களைப் பிரித்து அடுக்குவது அவருடைய பொழுதுபோக்கு.

"ஆக்கள் நாலு வகைதான் தங்கச்சி," என்று ஒருநாள் தொடங்கினார். "ஏலும், செய்வான். ஏலும், செய்ய மாட்டான். ஏலாது, செய்யவும் மாட்டான். கடைசி ஆளுக்குத்தான் நான் பயம். ஏலாது, ஆனா விடமாட்டான்."

"முதலாவது வகை இஞ்ச ஆர்?"

"இஞ்ச எங்க இருக்கு? வந்தாலும் ரெண்டு மாசத்தில கனடாவுக்குப் போயிருவான்."

இரண்டாவது ஆள் யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் படகை ஓட்டும் சல்லி ஊர்க்காரர்தான். சத்தத்தை வைத்தே இயந்திரத்தின் நோயைச் சொல்லிவிடுவார். ஆனால் அவரை எழுப்பிப் படகடிக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூன்றாவது எங்கள் வாசல் காவலாளி. கேற் தானாகத் திறந்து தானாகப் பூட்டும் என்பதுபோலக் கதிரையில் இருப்பார். அவரால் இதுவரை ஒரு தீமையும் வந்ததில்லை.

நான்காவது எங்கள் மனேஜர். கொழும்பிலிருந்து புதிதாக வந்தவர். காவலாளிக்கு முன்னமே வந்துவிடுவார், எல்லோரும் போன பிறகுதான் போவார். வந்த கிழமையே குளிர் அறையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று தனியாளாக மூட்டை சுமந்து வெங்காயத்தை உள்ளே அடுக்கிவிட்டு, பழுதாகும் சாமான்களை வெளியே வைத்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. அந்த முகத்தைப் பார்த்து யாருக்கும் ஏச மனம் வரவில்லை. நானா மட்டும் எனக்குக் கேட்கிற மாதிரி, "இவர் கொஞ்சம் சோம்பேறியா இருந்தா நல்ல மனேஜர்," என்றார்.

சிரித்துவிட்டு மேசைக்குப் போனேன். போனபிறகுதான் அரிக்கத் தொடங்கியது. எல்லோரையும் அடுக்கிய மனிதர் என்னை எங்கே வைத்திருக்கிறார்? கேட்டேன். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க," என்றார்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. புட்டுக்கு மாக் குழைக்கும்போது நினைப்பேன்: எனக்கு ஏலுமா, ஏலாதா? பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால்கூட நிம்மதியாக இருக்க முடியாமல், முடித்த கடிதங்களை மனதுக்குள் திரும்பவும் சரிபார்ப்பேன். ஓய்வாக இருப்பது எப்படியென்று எனக்கு எப்போதும் தெரிந்ததில்லை. தீயில் வைத்த பானையைத் திறந்து திறந்து பார்ப்பவள் நான். அது திறமையா, திறமை இல்லாததன் பதற்றமா என்று எனக்கே தெரியாது.

கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் ஒருநாள், விரிகுடாவில் நின்ற ஒரு கப்பலுக்குச் சாமான் போகவேண்டியிருந்தது. கையெழுத்து வாங்கப் போகிறவருக்குக் காய்ச்சல். நான் போனேன். மனேஜரும், தேவை இல்லாவிட்டாலும், வந்தார். எங்களோடு படகோட்டி.

சாமான் ஏற்றிக் கொடுத்ததில் குறையொன்றும் இல்லை. திரும்பும்போதுதான் இயந்திரம் இருமத் தொடங்கியது. படகோட்டி மூடியைத் திறந்து, குழாயைக் கழற்றி ஊதி, விரலில் டீசலை எடுத்து மணந்து பார்த்தார்.

"தண்ணி கலந்திருக்கு. இதில வச்சு ஒண்டும் செய்ய ஏலாது."

கைத்தொலைபேசியை எடுத்து மச்சானோடு கதைத்தார். "மச்சான் போட்டோட வாறான். சும்மா இருங்க," என்று சொல்லி, வெறும் மரக்கறிப் பெட்டிகளில் தலையை வைத்துச் சாய்ந்துவிட்டார். நங்கூரத்தைப் போடலாமே என்று கேட்டேன். "இந்த ஆழத்துக்குக் கயிறு காணாது அக்கா," என்றார் கண்ணைத் திறக்காமல். அவர் சொன்னது சரி. உலகத்திலேயே ஆழமான துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தது இதைத்தான்.

கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. நாங்கள் சும்மா இருந்தோம், காற்று சும்மா இருக்கவில்லை. கரையில் தெரிந்த தென்னைகள் மெல்லச் சிறுத்துக்கொண்டு போயின.

மனேஜர் முதலில் ஒரு பலகையை எடுத்துத் துடுப்பாகப் போட்டார். படகு ஒரே இடத்தில் சுற்றியது. பலகை கையை விட்டுப் போனது. பிறகு மச்சானுடைய நம்பரை வாங்கி விடாமல் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. பிறகு அலுவலகத்துக்கு அடித்தார். எடுத்த நானாவிடம் தென்மேற்கு, வடகிழக்கு என்று மாறிமாறி ஏதோ சொன்னார். கடலுக்குப் பழகாத மனிதர். நடுநடுவே விளிம்பில் குனிந்து சத்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் எழும்பினார்.

தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு மூதூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மனேஜர் சட்டையைக் கழற்றி வீசிக் காட்டத் தொடங்கினார்.

"அவங்களுக்குத் தெரியாது சேர். வெயிலுக்கு எதிரா நிக்கிறம்," என்றார் படகோட்டி.

"தெரியாட்டிப் பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு அவர் வீசிக்கொண்டே இருந்தார். பெட்டியின்மேல் ஏறினார், குதித்தார், பெட்டி உடைந்து விழுந்தார், திரும்ப ஏறினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நீங்க என்னக்கா செய்யிறீங்க?" என்று படகோட்டி கேட்டபோதுதான் என் கையைப் பார்த்தேன். வாளியால் படகுக்குள்ளிருந்து தண்ணீர் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அள்ளுவதற்குத் தண்ணீரே இல்லை. வாளி வெறும் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"சும்மா இருக்க ஏலாமக் கிடக்கு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழும்பிப் போய், சத்தியெடுத்துக் களைத்திருந்த மனேஜர் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியே இருவரும் நின்றார்கள், ஒருவர் வீச, மற்றவர் பிடிக்க.

மீன்பிடிப் படகு திரும்பியது.

கிட்ட வந்ததும் அதிலிருந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஒராள மற்றாள் கடலுக்க தள்ளப் பாக்கிறான் எண்டு நினைச்சு வந்தனாங்கள்," என்றார். "விலக்குப் பிடிக்க."

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் படகோட்டியின் தொலைபேசி அடித்தது. மச்சான். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாராம், இப்போது புறப்படவா என்று கேட்டார்.

அடுத்த நாள் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வாளியை மட்டும் விட்டுவிட்டு. ஆனால் படகோட்டி ஏற்கனவே சொல்லியிருந்தார். நானா என்னைப் பார்த்துச் சிரித்து ஓய நேரமெடுத்தது.

"அப்ப மனேஜரை வேற வகைக்கு மாத்துவீங்களா?" என்றேன்.

"ஒருநாளைக்காக மாத்த ஏலாது தங்கச்சி," என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "ஆனா நான் அந்தப் போட்டில இருந்திருந்தா, படகோட்டி சொன்னதக் கேட்டுப் படுத்திருப்பன். அதுதான் ராத்திரி நித்திரை வரேல்ல."

அதற்குப் பிறகு அவர் மனிதர்களைப் பிரிப்பது குறைந்தது. மனேஜர் மாறவில்லை. துணிச்சல் கூடி, படகோட்டப் பழகுகிறேன் என்று இறங்குதுறையில் இடித்துப் படகின் மூக்கை உடைத்தார். சில மாதங்களில் அவரைக் கொழும்புக்குத் திருப்பி எடுத்துவிட்டார்கள். எல்லோரும் பெருமூச்சு விட்டோம். காவலாளி மட்டும் தேநீர் நேரத்தில், "நல்ல மனுசன், சாப்பிட்டியா எண்டு கேப்பார்," என்றார். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நாங்கள் கேட்டதில்லை.

புதியவர் வரும்வரை மனேஜர் வேலையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறார், வருகிறார் என்கிறார்கள், இன்னும் வரவில்லை. மனேஜரின் அறை குளுமையானது, கடல் தெரியும். ஆனாலும் நான் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் வேலை செய்கிறேன். காலையில் படகோட்டிக்கு நான்தான் தொலைபேசியில் அடிக்கிறேன். முதல் தடவை எடுக்கமாட்டார். இரண்டாம் தடவை எடுத்து, "எழும்பிட்டன் அக்கா," என்பார், படுக்கையில் கிடக்கிற குரலில். நான் நம்பாமல், செருப்பை மாட்டிக்கொண்டு படகடிக்கு இறங்கி நடக்கிறேன்.