பொன்னாடை போர்த்திய மிஸ்ஸி

விஜயராணிக்கு ஒரே நாளில் இரண்டு பிறவி உண்டு. பகலில் அவள் பாயா ரும்புட்டில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர். படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவாள், கஞ்சி ஊட்டுவாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பாள். தலைவலி என்று ஒரு பெரியவர் முனகினால் ஒரு பனடோல் எடுத்துக் கொடுக்கக்கூட அவளுக்கு அதிகாரம் கிடையாது. அதற்குப் பவானேஸ்வரி வரவேண்டும். பவானேஸ்வரி முறையாகப் படித்த தாதி. விஜயராணிக்கு மகள் வயது. நர்சுகளை மிஸ்ஸி என்று கூப்பிடுகிற ஊர் இது, ஆகவே அந்தப் பெண்ணை இவள் வாய் நிறைய மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, புண்ணு எதாச்சும் பாத்தா ஒடனே எங்கிட்ட சொல்லணும். நீங்களா ஒண்ணும் போடக்கூடாது" என்று பவானேஸ்வரி சொல்லாத நாள் இல்லை.

"சரி, மிஸ்ஸி."

மாலையில் வெள்ளைச் சட்டையோடு அவள் மோட்டார் சைக்கிளில் தன் வீடிருக்கும் தாமானுக்குள், அந்தக் குடியிருப்புக்குள் நுழைந்ததும் அடுத்த பிறவி தொடங்கும். இப்போது அவளே மிஸ்ஸி. வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டால் நம் ஜனத்துக்கு வேறென்ன வேண்டும்? வேலியோரம் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பசாரில் மீன்காரர் மீனை நிறுத்துவிட்டு முழங்காலைக் காட்டுவார். ஆரம்பத்தில் "நான் மிஸ்ஸி இல்லீங்க" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, மனதாரத்தான் சொன்னாள். அப்புறம் குரல் சன்னமாயிற்று. அப்புறம் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். மரியாதை யாருக்குக் கசக்கும்? இல்லத்தில் ஆளாளுக்கு அவளை மேய்த்தார்கள். தாமானில் அவளை ஏனென்று கேட்க ஓர் ஆள் கிடையாது.

எதிர்வீட்டு சிவசாமி ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். மனைவி போன பிறகு தனியாள். இனிப்பு நீர்க்காரர், சர்க்கரை வியாதி. அவருக்குச் செருப்பு கடித்துக் கால்விரலில் ஒரு சின்னப் புண். கிளினிக் என்றாலே அவருக்கு ஆகாது, நேரே இவளிடம்தான் வந்தார். இவளும் குனிந்து பார்த்து, எல்லார் வீட்டிலும் இருக்கும் மஞ்சள் மருந்தைப் பஞ்சில் தொட்டு வைத்தாள்.

"தண்ணி படாம பாத்துக்குங்கண்ணே. சரியாப் போயிரும்."

இல்லத்தில் இதே புண்ணைக் கண்டிருந்தால் பவானேஸ்வரியிடம் ஓடியிருப்பாள். இங்கே யாரிடம் ஓடுவது?

இந்தச் சமயத்தில்தான் கோயில் தலைவர் சேகரன் அவளைத் தேடி வந்தார். அவருக்கு யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் தூக்கம் பிடிக்காது. தாமானில் பெரியவர்கள் எல்லாரும் ஒரு சுற்று வாங்கி முடித்திருந்தார்கள், மிச்சம் இவள்தான். திருவிழாவுக்குப் பேனர் ஏறியது. 'தலைமைத் தாதி திருமதி விஜயராணி' என்று போட்டு அவள் படம். பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தலைவர் படம்.

"தலைமைத் தாதின்னு போட்டிருக்கே, தலைவரே" என்றாள்.

"இருக்கட்டும்லா. எடுப்பா இருக்கு."

எடுப்பாகத்தான் இருந்தது. அவளும் அதற்குமேல் பேசவில்லை.

திருவிழாவன்று மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. மேடையிலிருந்து பெருமையாகக் கீழே பார்த்தாள். முதல் வரிசையில் சிவசாமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கோயிலாச்சே, வெறுங்கால். விரல் கறுத்திருந்தது, கணுக்கால் வரை வீங்கியிருந்தது. இல்லத்தில் அவள் பார்த்திருக்கிற கறுப்பு அது.

மைக்கைப் பிடித்தாள். "நான் தாதி இல்லீங்க. தாதிக்கு ஒத்தாசையா இருக்கற ஆளு. எனக்கு மருந்து குடுக்கத் தெரியாது. சிவசாமியண்ணே, ஒடனே ஆஸ்பித்திரிக்குப் போங்க."

கூட்டம் ஒரு கணம் விழித்தது. சேகரன் மைக்கை வாங்கிக்கொண்டார். "பார்த்தீர்களா இந்தத் தன்னடக்கத்தை? இதற்கே இன்னொரு பொன்னாடை போர்த்தலாம்." போர்த்தியும் விட்டார். கைத்தட்டல் அடங்கவில்லை. சிவசாமிதான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அவள் மேடையைவிட்டு இறங்கி அவர் கையைப் பிடித்தாள். "வாங்கண்ணே, போவோம்."

"மிஸ்ஸி நீங்க இருக்கறப்ப ஆஸ்பித்திரி எதுக்கு? சோறு போடப் போறாங்க, உக்காருங்க."

நிஜத்தைச் சொன்னால் இந்த மனுஷன் அசையப் போவதில்லை. அவள் இரண்டு பொன்னாடைகளையும் இழுத்துவிட்டுக்கொண்டாள். "தலைமைத் தாதி சொல்றேன். எந்திரிங்க."

மறுபேச்சில்லாமல் எழுந்துவிட்டார்.

மருத்துவமனையில் விரலைப் பார்த்த நர்ஸ் முகம் சுளித்தார். "யாரு இதுக்கு மருந்து போட்டது?"

"இவங்கதான், எங்க மிஸ்ஸி" என்று சிவசாமி பெருமையாகக் கைகாட்டினார்.

நர்ஸ் நிமிர்ந்து பொன்னாடைகளைப் பார்த்தார். "எந்த ஆஸ்பித்திரி நீங்க?"

"நான் மிஸ்ஸி இல்லம்மா. வயசானவங்களக் குளிப்பாட்டுறவ. புண்ணப் பாத்தா மேல சொல்லணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல." அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. இங்கே யாரும் கைதட்டவில்லை.

விரலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கைப்பையில் போன் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சேகரன் மேடைப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். சிவசாமி அவளையே பார்த்தார்.

"அப்ப நெசமாவே நீ மிஸ்ஸி இல்லியா, விஜயா?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இல்லண்ணே. என்ன மன்னிச்சிருங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போய்விடச் சொல்வார் என்று நினைத்து அவள் எழுந்தாள்.

"எங்க போற? எனக்குப் பயமா இருக்கு. பக்கத்துல இரு."

பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பது அவள் தினமும் செய்கிற வேலை. பொன்னாடைகளை மடித்து அவர் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.