விடல்லே

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் கிளம்புவதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. நிற்பதில்தான் அதற்கு நாட்டமில்லை. என் வீட்டுக்காரர் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய வண்டி அது. முன் சக்கரத்து டிரம் ப்ரேக்கை இழுத்துப் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குமேல் எதுவும் நடக்காது. போன மழைக்காலத்தில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு கிடங்கு வாசலில் நிறுத்தப் பார்த்தார். வண்டி உள்ளேயே போய்ச் சுக்கு மூட்டைகளில் சாய்ந்து நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் என்னை ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, சாயா வாங்கிக் கொடுத்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது, ஆனாலும் குடித்தேன்.

அன்றைக்கே அந்த வண்டியை வீட்டைவிட்டு அனுப்புவதென்று முடிவு செய்தேன். அடுத்த தெருவில் காபிக் கடை வைத்திருப்பவர் அதை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள, கடை வாசலில் நிறுத்தி வைப்பாராம். நிற்கிற வண்டிக்கு ப்ரேக் எதற்கு? எனக்கு அது மிகப் பொருத்தமான சம்பந்தமாகத் தோன்றியது. வீட்டுக்காரர் மூன்று மாதம் மசியவில்லை. கடைசியில், "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தா. அதுக்குள்ள வண்டி நிக்கல்லைன்னா நானே கொடுத்துடறேன்" என்றார்.

புதிதாக டிஸ்க் ப்ரேக் வாங்கிப் போட எங்களுக்கு வசதியில்லை. ஆகவே ஆக்ரிக்கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, நடையாய் நடந்தார். அடிபட்ட புது வண்டி ஒன்றின் முன் சக்கரத்தை டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், லிவரோடு பேரம் பேசித் தூக்கி வந்தார். களமசேரியில் ஒரு லேத் பட்டறையில் காலிப்பரைத் தாங்க இரும்புத் தகடு வெட்டி வாங்கினார். உள்ளே போடும் ரப்பர் வளையங்களை மட்டும் புதிதாக வாங்கினார். அதில் கஞ்சத்தனம் கூடாதாம். பிஸ்டனை ஒரு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். அது பழைய பிரஷ் இல்லை, என்னுடையது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கடைசி ஞாயிறு மத்தியானம் ஒரே வேலைதான் பாக்கி. ப்ரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி, எண்ணெய் மட்டும் நிற்கும்படி செய்ய வேண்டும். ஒருவர் லிவரை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் கீழே காலிப்பரில் காற்று வெளியேறும் திருகான நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடுமுன் லிவரை விட்டுவிட்டால் வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். பிடிக்கிற வேலைக்கு அவர் என்னையே கூப்பிட்டார்.

"பிடி" என்றார். பிடித்தேன். நிப்பிளைத் திறந்துகொண்டே, "விடல்லே" என்றார்.

நான் திண்டுக்கல்காரி. எங்கள் ஊரில் 'விடலே' என்றால் இன்னும் விடவில்லை என்று குறை சொல்வது. அடடா, தாமதித்துவிட்டோமே என்று சட்டென்று விட்டேன். நிப்பிள் காற்றை உறிஞ்சிக்கொண்டது.

"விடல்லேன்னு பறைஞ்சேனே."

"அதான் விட்டேன்."

தரையில் படுத்திருந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மலையாளத்தில் அதற்கு விடாதே என்று பொருள். அவருடையது தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். எது தமிழ், எது மலையாளம் என்று பிரித்துப் பார்க்கிற வழக்கமே அவருக்கு இல்லை. "விடல்லேன்னா விடாதே. மனசிலாச்சா?" என்றார்.

நன்றாகவே மனசிலாயிற்று. முதல் தடவை விட்டது அறியாமல்தான். கற்பூரம் அடித்துச் சொல்வேன். அதற்குப் பின் விட்டதெல்லாம் வேண்டுமென்றே. அவர் "விடல்லே" என்பார். நான் முகத்தைத் திண்டுக்கல்லிலேயே வைத்துக்கொண்டு விரலை மட்டும் தளர்த்துவேன். நிப்பிளில் குமிழி வந்துகொண்டே இருந்தது. குழாயைத் திட்டினார், ரப்பரைத் திட்டினார், ஆக்ரிக்கடைக்காரரின் பரம்பரையையே இழுத்தார். என்மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை. "பாவம், கை வலிக்கும் உனக்கு" என்று எழுந்து போய் நாரங்கா வெள்ளம் கலக்கிக் கொண்டுவந்தார். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. அதையும் கூசாமல் குடித்தேன்.

நாலு மணிக்கு லிவரைப் படபடவென்று அடித்துப் பார்த்தார். சற்றுக் கெட்டியானது. காற்றிருந்தாலும் அப்படித்தான் கொஞ்சநேரம் கெட்டியாக இருந்து ஏமாற்றும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான். ஆசையில் அவருக்கே அது மறந்துபோயிற்று. ஹெல்மெட்டை மாட்டி, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

ப்ரேக் பிடிக்காது, வண்டியை விற்றுவிடலாம் என்பதுவரைதான் என் திட்டம் போயிருந்தது. நடுவில் அவர் அதில் ஏறி, லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும் பஜாருக்குள் போவார் என்று யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பின்கம்பியைப் பிடித்து இழுத்தேன்.

"போகாதீங்க. அது பிடிக்காது. நான் விட்டுட்டேன்."

"எப்போ?"

"எல்லாத் தடவையும்."

எஞ்சினை அணைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "இந்த வண்டின்னா உனக்கு இத்தர பயமா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை நாளும் இதைத்தான் சண்டையாகப் போட்டிருந்தேன். பயம் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் மறுபடியும் சக்கரத்தருகே உட்கார்ந்து, "பிடி" என்றார். அடுத்த சொல்லை அவர் சொல்லவில்லை. விரல் வெளுக்கும்வரை பிடித்திருந்தேன். குமிழி நின்று, லிவர் கல்லாயிற்று.

தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் பின்னால் ஏறினேன். தெருமுனையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. வண்டி நின்ற வேகத்தில் என் மூக்கு அவர் ஹெல்மெட்டில் இடித்தது. ஆடு எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று.

திரும்பி வந்தால், வாசலில் சாமான் ஏற்றும் ஆட்டோவோடு காபிக் கடைக்காரர் நிற்கிறார். ப்ரேக் பிடிக்காது, வந்து வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மத்தியானமே அவருக்கு போன் செய்திருந்தது நான்தான். வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நீயே பதில் சொல்லிக்கொள் என்பதுபோல ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ப்ரேக் பிடிச்சோ சேச்சி?" என்றார் கடைக்காரர்.

"பிடிச்சுப் போச்சு சேட்டா" என்றேன், மூக்கைத் தடவிக்கொண்டே.

ப்ரேக்கைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவர் ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியும். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.