இரும்புத் தட்டும் மச்சான் கடைப் பீப்பாயும்

மெக்கானிக் கடைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவருக்குச் சடசடப்பார் என்று பெயர். வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயைக் கடை கடையாக வாங்கி, அதை மறுபடி எண்ணெயாக்கும் ஆலைக்குக் கொண்டுபோவது அவர் தொழில். சும்மா வாங்கிவிட மாட்டார். கையோடு கொண்டுவரும் இரும்புத் தட்டை நெருப்பில் காய வைத்து அதில் எண்ணெயை இரண்டு சொட்டு விடுவார். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் கொண்டுபோன சரக்கை ஆலை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். வீட்டுப் பாலைக்கூட அந்தத் தட்டில் விட்டுப் பார்ப்பார் என்று தெருவில் ஒரு பேச்சு. மனைவி அதை மறுத்ததில்லை.

தெருக்கோடியில் கடை வைத்திருந்தவர் மனைவியின் அண்ணன். வேலையில் கெட்டிக்காரர், மற்றதில் கோட்டைவிடுவார். பீப்பாயை வெட்டவெளியில் நிறுத்தி, அதன் வாயில் அகலமான புனலைச் செருகி வைத்திருந்தார். எண்ணெய் ஊற்ற வசதி, மழைக்கும் வசதி. ஒவ்வொரு தடவையும் தட்டு சடசடத்தது. மச்சான் என்பதற்காக விட்டுவிட முடியுமா? நம்மவர் நாலு பேர் முன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். மனைவி முகம் கொடுத்துப் பேச மாட்டாள். அதையும் தன் நேர்மைக்குக் கிடைத்த பரிசாக வைத்துக்கொள்வார்.

ஒருநாள் போனபோது பீப்பாய் காலி. எங்கே என்று கேட்டார்.

“நீங்கதான் வேணாம்னுட்டீங்களே மாப்பிள்ளை. எப்பவும்போல பின்னாடி வாய்க்கால்ல ஊத்திட்டேன்” என்றார் மச்சான்.

பின்பக்கம் போய்ப் பார்த்தார். தண்ணீரின் மேல் பல நிறத்தில் பளபளவென்று படலம். கரையோரப் புல் கருகிக் கிடந்தது. ஒரு வாத்து அலகால் சிறகைக் கோதிக் கோதிப் பார்த்தது, பிசுக்கு போகவில்லை. தான் வேண்டாம் என்ற அத்தனையும் இங்கேதான் வந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அன்று ராத்திரி வீட்டில் சொன்னார். விஷயத்தைக் கேட்ட மனைவி, “உங்க வண்டி சுத்தமா இருக்குல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மச்சானிடம் போய், இனிமேல் சடசடத்தாலும் தனக்கே தரச் சொல்லிக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டார். மழை மூட்டமாக இருந்தது. புனல் வாய்க்குப் பொருத்தமாகக் கையில் இருந்தது அந்த இரும்புத் தட்டு ஒன்றுதான். கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே எடுத்து மூடினார்.

பீப்பாயின் அடியில் தங்கியிருந்த பழைய மழைத் தண்ணீரோடு அடுத்த சில வாரத்தில் சேர்ந்த எண்ணெயைத் தனிப் பீப்பாயில் ஏற்றி ஆலைக்குப் போனார். தெளிய வைத்துக் கொண்டுவந்தால் எண்ணெயையும் அடிக்கசடையும் வாங்கிக்கொள்கிறோம், இப்படியே வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். பீப்பாயோடு அவர் தெரு வழியாக வந்ததைப் பார்க்காத மெக்கானிக் இல்லை. தட்டு எங்கே என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

கொல்லையில் பீப்பாயை இறக்க இடமில்லை. மனைவி துணிக்கொடியை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினாள்.

“திருப்பி அனுப்பிட்டாங்க” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“நம்ம வீட்டுக்குத்தானே வந்துச்சு” என்றாள். “வாய்க்காலுக்குப் போகலையே.”