நல்ல தண்ணி

ஐம்பது வயதில் பயப்படுவதற்குச் சீனி வருத்தம், வங்கிக் கடன் என்று எவ்வளவோ கௌரவமான விடயங்கள் இருக்கின்றன. நான் ஒரு கண்ணாடித் துண்டுக்குப் பயந்துகொண்டிருந்தேன்.

மின்கடத்தும் பூச்சுள்ள அந்தக் கண்ணாடியில் செப்பு ஒட்சைட்டை மெல்லிய படலமாகப் படியவைக்க வேண்டும். செப்பு உப்புக் கரைசலைச் சூடாக்கி, கண்ணாடியை அதில் தொங்கவிட்டு, சிறிது மின்னோட்டம் செலுத்தினால் செம்மஞ்சள் படலம் வந்துவிடும். அது n வகைக் குறைகடத்தியாக வரவேண்டும் என்பதுதான் என் ஆய்வு. கரைசலின் அமிலத்தன்மை குறைந்தால் p வகையாகிவிடும். பாடசாலையில் பௌதிகம் படிப்பிக்கும் நான் அந்த எழுத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் முன் உரக்கச் சொல்வதில்லை. பாடம் முடியும்வரை சிரிப்பார்கள்.

என் ஆய்வுப் பதிவு அந்த மாதத்தோடு முடிகிறது, இனி நீடிப்பு கிடையாது. வெளிச்சம் பட்டதும் மின்னோட்டம் சரியான பக்கம் போவதைக் கண்டால்தான் மேற்பார்வையாளர் ஒப்பமிடுவார். அவர் ஒருகாலத்தில் என்னிடம் ரியூசன் படித்தவர். பிழை விட்டால் வாங்குப் பலகையின்மேல் ஏற்றி நிற்கவைத்தும் இருக்கிறேன். இப்போது நான் அவரைச் 'சேர்' என்கிறேன். பழக்கம் விடாமல் அவரும் என்னைச் 'சேர்' என்கிறார்.

அன்று காலை பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கரைசல் சூட்டில் வற்றிவிட்டது. வெப்பமானியிலிருந்து கண்ணை எடுக்கப் பயந்து, பக்கத்து மேசையில் ஆய்வு செய்யும், நீர்வேலி ஊரிலிருந்து வரும் பெண்ணிடம், "நல்ல தண்ணி கொஞ்சம் விடும், தங்கச்சி" என்றேன். விட்டார். படலம் அழகாகவே படிந்தது. அதைக் காயவைத்த பிறகுதான், காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல் மூடி உடைக்கப்படாமல் அலுமாரியில் இருப்பதைக் கண்டேன்.

"என்ன தண்ணி விட்டனீர்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி, சேர். குடிக்கக் கொண்டந்தது. நீங்கள்தானே நல்ல தண்ணி எண்டு கேட்டனீங்கள்."

அவரில் பிழையில்லை. குழாயில் உவர் வரும் இடத்தில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி. அதற்கு வேறு பொருள் வைத்தது நான். எங்கள் நிலத்துச் சுண்ணாம்புக்கல் கரைந்து, அமிலத்தை முறிக்க என் கரைசலுக்குள் இறங்கியிருந்தது. அமிலத்தன்மையை அளந்து பார்க்கவும் துணிவில்லை. வேறு துண்டு எடுக்கலாமா என்று யோசிக்கையில் மேற்பார்வையாளர் உள்ளே வந்துவிட்டார்.

வயர்களைக் கொழுவினேன். அவர் விளக்கைப் போட்டார். மேலே ஏறவேண்டிய கோடு திரையில் கீழே இறங்கியது.

அவர் சிரித்தார். "வயரை மாறிக் கொழுவிப்போட்டியள் போல, சேர்." சொல்லிக்கொண்டே வயர்களைக் கழற்றக் கையை நீட்டினார்.

மாற்றினால் p வகைக்கும் n வகைபோலக் கோடு ஏறும். அவர் ஒப்பமிடுவார். நான் பேசாமல் நின்றால் போதும். ஆசிரியர் கூட்டங்களில் அதற்கு நல்ல பயிற்சி பெற்றிருக்கிறேன். என் ஆய்வேட்டை எவரும் படிக்கப்போவதில்லை என்ற ஆறுதலும் இருந்தது. ஆனால் இவர் படிப்பார், அதை நம்பி அடுத்த மாணவருக்கு வேலை கொடுப்பார். நீர்வேலிப் பெண் எங்கள் பக்கம் பார்க்காமல், ஏற்கெனவே கழுவிய கண்ணாடி முகவையைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வயர் சரி, சேர்," என்றேன். வாங்கின்மேல் நிற்கிற பையனின் குரல் வந்தது. "தண்ணிதான் பிழை."

நடந்ததைச் சொன்னேன். வயரில் வைத்த கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி எத்தினை மிச்சம்?"

"ஒண்டு."

"அப்ப நாளைக்கு வாறன். வடிச்ச தண்ணி எண்டு சொல்லிக் கேளுங்கோ, சேர்."

அவர் போனபின் அந்த ஒற்றைத் துண்டை எடுத்துக் கழுவினேன். ஈரத்தில் வழுக்கித் தொட்டிக்குள் விழப்பார்த்தது. நீர்வேலித் தங்கச்சி வந்து அதை வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு, தன் போத்தலை நீட்டினார். மிச்சம் கிடந்ததைக் குடித்தேன். குறை சொல்ல இடமில்லை.