சன்னலைச் சாத்திய ராமாத்தாள்

துடியலூர் ராமாத்தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் அச்சடித்த பனியன்கூடப் பேசும் என்று ஊரில் கேலி செய்வார்கள். செய்யட்டுமே! மேட்டுப்பாளையம் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, திருப்பூர்க் கம்பெனிகளின் குழந்தை பனியன்களில் யானையும் முயலும் அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொழில் என்றால் அவளுக்கு உயிர்.

தொண்ணூற்றாறில் அந்த உயிருக்கே வினை வந்தது. மண்ணெண்ணெய் கலந்த மையும், அச்சு வலையான ஸ்கிரீனைக் கழுவும் தின்னரும் நெஞ்சுக்குள் புகுந்து, மூச்சு விட்டாலே விசிலடிக்க ஆரம்பித்தன. இந்த வாடை இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். லாரி ஓட்டும் கணவன் மாரப்பன் அச்சு மேசைகளை விற்க ஆளும் பார்த்துவிட்டான்.

“ஒரே ஒரு ஆர்டருங்க மாமா. வாடையில்லாத தண்ணி மையில போட்டுப் பாக்கறேன். ஆகலீன்னா நானே கொட்டாயப் பூட்டிப்போடறேன்” என்றாள். மாரப்பன் அரை மனதோடு தலையாட்டிவிட்டு லோடு ஏற்றப் போனான்.

தண்ணி மை லேசுப்பட்டதா என்ன? அது ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. நாலு பனியன் அடிப்பதற்குள் ஸ்கிரீனின் கண்ணெல்லாம் மை காய்ந்து அடைத்துக்கொண்டது. யானைக்குத் தும்பிக்கையே விழவில்லை. சோப்புபோல நுரைக்கும் பூந்திக்கொட்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் ஈர மை போனது, காய்ந்தது அசையவில்லை. ஒரு கை தின்னர் விட்டால் நொடியில் போகும். ராமாத்தாள் அந்த டப்பாவைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு மறுபடியும் தேய்த்தாள்.

“அக்கா, அடிக்கற காத்துல பனியனே பறக்குதுங்க. மை காயாம என்ன பண்ணும்?” என்று அலுத்துக்கொண்டே, கூட வேலை செய்த சாஜிதா பேகம் பறந்ததைப் பொறுக்கப் போனாள்.

ராமாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரும் புதிருமாக அத்தனை சன்னலும் திறந்து கிடந்தன. தின்னர் வாடையில் மயங்கி விழக்கூடாதென்று காலையில் முதல் வேலையாகத் திறப்பது அவர்களுடைய வருசக்கணக்கான பழக்கம். வாடையே இல்லாத மைக்கும் அதையே செய்திருக்கிறார்கள்!

“அட, நானொரு கூறுகெட்டவ! சாத்து புள்ள, எல்லாத்தையும் சாத்து!”

“ஐயோ அக்கா, செத்துப்போயிருவோமுங்க!”

“எதுல சாவே? பூந்திக்கொட்டைத் தண்ணியிலயா?”

சாத்தினார்கள். தரையில் தண்ணீர் தெளித்தார்கள். கை ஓயும்போதெல்லாம் ஸ்கிரீன்மேல் ஈரத்துணி போட்டார்கள். அடித்த பனியன்களை மட்டும் பின்பக்கக் கொடியில் காயவிட்டார்கள். டீ குடிக்க ஒருத்தி போனால் மற்றவள் வேலையை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டாள். யானைக்குத் தும்பிக்கை முழுசாக விழுந்தபோது இரண்டு பேரும் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லோடு இறக்கிவிட்டு மாரப்பன் ஊர் திரும்பிய மதியம், சாத்திய சன்னல்களைப் பார்த்ததும், தின்னர் வாடையில் மயங்கிக் கிடக்கிறாளோ என்று பதறிப்போனான். “ராமாத்தா!” என்று அலறிக்கொண்டு கதவை இடித்துத் திறந்தான். உள்ளே அடுக்கடுக்காகக் குட்டி யானைகள். நடுவில் ராமாத்தாள், முந்தானையை இழுத்துச் செருகியபடி.

“ஏனுங்க, காத்து வருது, கதவச் சாத்துங்க! கம்பெனிக்காரரு காலையில வந்து பனியன மோந்து பாத்தாருங்க, மண்ணெண்ணெ வாடையே இல்லீன்னு அடுத்த ஆர்டரும் நமக்குத்தான்னு சொல்லிப்போட்டாரு. மேசை வாங்க வாரவங்கள வேற எடம் பாக்கச் சொல்லிப்போடுங்க, நமக்கே இன்னொரு மேசை வேணுமாட்ட இருக்குது!”

இத்தனையையும் ஒரே மூச்சில் பேசினாள். நடுவில் ஒரு விசில்கூட இல்லை. மாரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தினான்.