அண்ணனின் மேசையில் இரண்டு டம்ளர்கள்

என் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று பலமுறை யோசித்தேன். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அம்மா கேட்டுக்கொண்டதால் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் மயிலாப்பூரில் பிறந்தவர். கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒண்டுக்குடித்தனத்தில் நாங்கள் இருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளராக வேலை பார்த்தவர். சட்டைகளுக்குள் வைத்து வரும் அட்டைகளைக் கடையில் தூக்கிப் போடுவார்கள். அப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். அண்ணன் அவற்றை வெட்டி ஒட்டி ஒரு தண்ணீர் லாரி செய்தார். எங்கள் சந்துக்கு வரும் லாரியின் பின்பக்கக் குழாய் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அட்டை லாரியிலும் குழாய்க்குக் கீழே ஓர் ஈரக்கறையை வரைந்திருந்தார். அதைப் பார்த்து அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் பிற்காலத்தில் செய்த எல்லாவற்றுக்கும் அந்தக் கறைதான் தொடக்கம் என்று தோன்றுகிறது. ஒருவேளை நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

அண்ணன் டிப்ளமோ முடிக்கும் சமயத்தில் அப்பா மாரடைப்பால் காலமானார். மேலே படிக்கும் ஆசையை யாரிடமும் சொல்லாமல் அண்ணன் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். கட்டடங்கள் எழும்புவதற்கு முன்பே அவற்றைச் சிறிய அளவில் செய்து காட்டும் பட்டறை அது. என்னைப் பட்டதாரி ஆக்கியவரும், எனக்குத் திருமணம் செய்து வைத்தவரும் அவர்தான். நாங்கள் மந்தைவெளிக்குக் குடிவந்த பிறகு, பின்பக்கத்துச் சிறிய அறை அவருடையதாயிற்று. வேலை முடிந்து வந்தால் விமானங்களும் லாரிகளும் ஆட்டோக்களும் அந்த அறையில் உள்ளங்கை அளவில் உருவாகும்.

அவர் செய்தவை கடையில் விற்கும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. விமானங்களைத் துண்டு துண்டாகப் பெட்டியில் வாங்கி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டுவார். நம் ஊர் வண்டிகள் எந்தப் பெட்டியிலும் வராது என்பதால் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி அவரே செய்வார். செய்து முடித்த பிறகுதான் அவருக்கு வேலை தொடங்கும். சக்கரத்தைச் சுற்றிப் புழுதி, டீசல் மூடியைச் சுற்றி எண்ணெய்க் கசிவு, கதவோரம் துரு என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். எதற்கு இப்படி அழுக்காக்குகிறீர்கள் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். “ஓடின வண்டி மாதிரி இருக்கணும் மாப்ள. இல்லன்னா அது ஷோரூம்லயே நிக்கிற மாதிரி இருக்கும்” என்றார்.

இனி எழுதப்போவதை நினைவு மலரில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் விட்டால் என் மகள் வளர்ந்தபின் வேறு யாரிடமிருந்தோ வேறு மாதிரி கேட்பாள். அவளுக்கு இப்போது நான்கு வயது. மாமா எங்கே என்று இன்னமும் கேட்கிறாள்.

அண்ணனுக்குக் கோடம்பாக்கத்தில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தோம். அதன் பிறகு ஒருநாள் பெண்ணின் தந்தை வீட்டுக்கு வந்தார். பின்பக்க அறையைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை இன்னும் பொம்மை வச்சுக்கினு இருக்காரா?” என்று அம்மாவிடம் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் சில நாள்களில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வருத்தப்படவில்லை என்று நான் எழுத மாட்டேன். சில நாள்கள் அந்த அறைக்குள்ளேயே அவர் போகவில்லை. பிறகு, இரட்டை இறக்கை வைத்த ஒரு பழைய விமானத்தைத் தொடங்கினார். அம்மா நிம்மதியடைந்தார்.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை உணவுக்குப் பிறகு அண்ணன் விமானத்தில் விமானி உட்காரும் இடத்துக்கு மேலுள்ள கண்ணாடி மூடியில் சட்டங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். அம்மா காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து பயங்கரமான இருமல் கேட்டது. அம்மா ஓடிப் பார்த்தபோது ஒரு டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது. அறை முழுவதும் தின்னர் நெடி. பெயின்ட்டைக் கரைக்கவும் பிரஷ்ஷைக் கழுவவும் பயன்படும் அந்தத் தின்னரை அண்ணன் ஒரு மடக்கு விழுங்கியிருந்தார். சமையலறைக்கு ஓடி, தானே உப்புக் கரைத்துக் குடித்து வாந்தி எடுத்தார். அதைத்தான் செய்திருக்கக் கூடாது என்று மருத்துவர் பிறகு சொன்னார். வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடுமாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள். எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருத்துவமனையில் சேர்த்த அன்று அண்ணனால் பேச முடிந்தது. இப்படிப்பட்ட விஷயத்தில் காவலர் வந்து விசாரிப்பது வழக்கம். வந்தவர் வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். எங்களை வெளியே போகச் சொன்னார். நான் கதவருகிலேயே நின்றிருந்தேன்.

“இன்னா தம்பி, வூட்ல எதுனா பிரச்சினையா? பயப்படாம சொல்லு.”

“இல்ல சார். காப்பின்னு நெனச்சு எடுத்துட்டேன்.”

“காப்பிக்கும் தின்னருக்கும் வாசனை தெரியாதா நைனா?”

அண்ணன் சிரிக்க முயன்றார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. காவலர் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தார். ஆனால் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகு இயந்திரம் வைத்தார்கள். அதன் பிறகு அவர் பேசவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியத்தன்று பந்தியில் ஒரு பேச்சு எழுந்தது. பேசியவர் யார் என்று எழுத மாட்டேன், அவரும் இதைப் படிப்பார். “பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்கல்லா? அதான் மனசு ஒடிஞ்சு குடிச்சிட்டான். வெளிய சொன்னா அசிங்கம்னு காப்பி கீப்பின்னு கதை சொல்லுதாங்க.” அவர் மீது எனக்குக் கோபமே இல்லை என்று எழுத நினைத்தேன். அது முழு உண்மையாக இருக்காது. அடுத்த அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. பின்பக்க அறையைப் பூட்டி, சாவியைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டார். கீரை ஆய்ந்துகொண்டே இருப்பார், திடீரென்று கேட்பார்: “கல்யாணம் நின்னப்போ உங்கிட்ட எதாவது சொன்னானாடி? எனக்குத் தெரியாம அழுதானா?” இல்லையம்மா என்பேன். கொஞ்ச நாளில் மறுபடி கேட்பார். மகனை இழந்தது ஒருபுறம் இருக்க, மகன் தன்னிடம் எதையோ மறைத்துவிட்டான் என்ற எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. நான் உறுதியாகப் பதில் சொன்னேன். எனக்கே உறுதி இருந்ததா என்று கேட்டால், சில நாள்கள் இல்லை. என் மகளுக்குத் தலை வாரும்போது கை நின்றுவிடும். அண்ணன் சிரித்த சிரிப்பையெல்லாம் மறுபடி நினைத்துப் பார்ப்பேன்.

மழைக்காலம் முடிந்தபின், அண்ணனைப் போலவே விமானங்கள் செய்யும் அவருடைய நண்பர் ஒருவர் வந்தார். பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அண்ணன் இறந்தபோது வெளிநாட்டில் இருந்தாராம். நடந்ததையும் ஊர்ப் பேச்சையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“எங்க ஆளுங்க எல்லாரும் பண்றதுதான் சிஸ்டர். நானே எத்தனையோ வாட்டி பிரஷ்ஷை டீல கழுவிட்டு அந்த டீயையே குடிச்சிருக்கேன். இன்னிக்கு இன்னா கலர் டீன்னு என் பொண்டாட்டி கேப்பா.” பிறகு கேட்டார்: “அவன் காப்பின்னு நெனச்சுத் தின்னரைக் குடிச்சான்னா, அந்தக் காப்பி எங்க?”

நாங்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை. மருத்துவமனைக்கு ஓடிய அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அறை பூட்டிக் கிடந்தது. அம்மா எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்தார்.

விமானம் தூசி படிந்து மேசை மீது இருந்தது. கண்ணாடி மூடியில் ஒரு பக்கச் சட்டங்கள் தீட்டி முடிந்திருந்தன, மறுபக்கம் வெறுமையாக இருந்தது. மேசை விளக்குக்குப் பின்னால், பெயின்ட் புட்டிகளின் நடுவே ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அதன் அடியில் காப்பி காய்ந்து கறுத்துப் படிந்திருந்தது. விளிம்பிலிருந்து சற்றுக் கீழே சாம்பல் நிறப் பெயின்ட் ஒரு வளையமாக ஒட்டியிருந்தது. நடுவில் பிரஷ் நட்டுக்கொண்டு நின்றது. மயிர்கள் காய்ந்த காப்பியில் இறுகிப் போயிருந்தன.

நண்பர் அதைத் தொடவில்லை. எங்களுக்கு விளக்கினார். தின்னர் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கரைத்துவிடும் என்பதால் அண்ணன் எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றி வைப்பார். அம்மா காப்பி கொடுத்த டம்ளரும் அச்சு அசல் அதே மாதிரிதான். நுணுக்க வேலைக்காகத் தலையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டால் கையில் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும், முகத்தைத் தூக்கிப் பார்த்தால் மற்றதெல்லாம் மங்கிவிடும். கோடு காய்வதற்குள் அடுத்த கோட்டை இழுக்க வேண்டும் என்பதால் அதை யாரும் கழற்ற மாட்டார்கள். கைக்குத் தெரிந்த இடத்தில் கையை நீட்டுவார்கள். அண்ணன் காப்பியை நன்றாக ஆறவிட்டு, அண்ணாந்து ஒரே மடக்காக ஊற்றிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர். உதட்டில் படாமல் நேராகத் தொண்டைக்குப் போய்விடும். வாசனையும் அவருக்குச் சரியாகத் தெரியாது. ஊரெல்லாம் காய்ச்சல் பரவிய காலத்தில் போன மோப்பம் அவருக்கு முழுதாகத் திரும்பவே இல்லை. இவையெல்லாம் எங்களுக்குத் தனித்தனியாகத் தெரிந்தவைதான். சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

“ஒரு பக்கம் முடிச்சுட்டு, மறுபக்கத்துக்கு பிரஷ்ஷைத் தின்னர்னு நெனச்சுக் காப்பில கழுவியிருக்கான்மா” என்று அம்மாவிடம் சொன்னார் நண்பர். “சாகணும்னு நெனைக்கிறவன் பிரஷ்ஷைக் கழுவ மாட்டான்.” கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அம்மா டம்ளரை எடுத்து உள்ளே பார்த்தார்.

“இது நான் குடுத்த காப்பி” என்றார். பிறகு, “அப்போ என் புள்ள என்கிட்ட எதையும் மறைக்கல” என்றார். அண்ணன் இறந்த பிறகு அம்மா வாய்விட்டு அழுதது அன்றுதான்.

ஒரு பிரஷ் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஒருவருடைய மனத்துக்குள் புகுந்து பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் அண்ணன் மருத்துவமனைக் கட்டிலில் சொன்னதும் அந்த டம்ளர் சொல்வதும் ஒன்றே. நான் அதை நம்புகிறேன். ஆறுதல் என்று இதைச் சொல்ல முடியாது. தன்னையே மறந்து, தனக்குப் பிடித்த வேலையில் இருந்த ஒருவர், ஒரு டம்ளர் மாறியதில் இறந்துபோனார். அதற்குக் காரணம் என்று கைகாட்ட யாரும் இல்லை. அந்தப் பெண் வீட்டாரும் காரணம் இல்லை. இதை அவர்களுக்கும் தெரிவித்துவிட்டேன்.

இதை மலரில் போட வேண்டுமா, பேச்சு இன்னும் வளருமே என்று என் கணவர் தயங்கினார். எனக்கும் அதே தயக்கம்தான். அம்மா மட்டும் தயங்கவில்லை. “போடு. பின்னாடி பேசறவங்க முன்னாடி படிக்கட்டும்” என்றார்.

அன்று ஆட்டோவை வாசலுக்கே கொண்டுவந்த கீழ்வீட்டு அண்ணாச்சிக்கும், கடைசிவரை போராடிய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், என் மகளைத் தன் பிள்ளையாக வைத்துப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அக்காவுக்கும், பட்டறையிலிருந்து வந்து காரியங்களில் தோள் கொடுத்த அண்ணனின் தோழர்களுக்கும், அந்த ஒரு கேள்வியைக் கேட்ட நண்பருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதில் விடுபட்டவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக்கு வரும்போது அண்ணனைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டாம். அவர் எப்படி இறந்தார் என்று அம்மாவிடமே கேளுங்கள். அவர் சொல்வார்.