போக ஏழு, வர ஏழு

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் சிஸ்டர். முப்பத்துநாலு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் வீட்டுக்காரர்தான். பஸ் கண்டக்டராக இருந்த அவருக்கு, நின்றுகொண்டே ஊர் சுற்றியது போதும், இனி உட்கார்ந்து சுற்ற வேண்டும் என்று ஆசை. இருவரும் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ் என்று வீடாக்கிக்கொண்டிருந்தார்கள்.

கூரையில் சோலார் பேனல் ஏறியாயிற்று. அங்கிருந்து, பின்பக்கம் கட்டிலடியில் இருக்கும் பேட்டரிக்கு ஒயர் இழுக்க வேண்டும். கரண்ட் என்றாலே கண்டக்டருக்குக் குலை நடுங்கும். அதனால் வேலை சிஸ்டர் தலையில் விழுந்தது. அவரும் ஆசையாகவே ஏற்றுக்கொண்டார்.

எலக்ட்ரிக் கடைக்காரர் கண்டக்டரைப் பார்த்து, "ஒயர் எத்தனை எம்எம் சார்?" என்றார்.

"அவங்களைக் கேளுங்க."

சிஸ்டர் நோட்டைப் பிரித்தார். "பன்னிரண்டு வோல்ட், பதினோரு ஆம்ப்பியர், ஏழு மீட்டர் தூரம். வழியில நூத்துக்கு மூணு பங்குக்கு மேல வீணாகக் கூடாது. நாலு எம்எம் குடுங்க. சிவப்புல ஏழு மீட்டர், கறுப்புல ஏழு."

"ஒன்றரையே போதுமே மேடம்? வீட்டுக்கெல்லாம் அதான் போடுறாங்க."

"வீட்டுல வோல்ட் ஜாஸ்தி, தாங்கும். இது வெறும் பன்னிரண்டு. மெல்லிசு ஊசியில ரத்தம் ஏத்துன கதையாயிடும்."

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அளந்தார். "வெட்டிட்டா திருப்பி எடுக்க மாட்டோம்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை வேனுக்குள் இரண்டு ஒயரையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் போட்டபோதுதான் சிஸ்டருக்குப் பொறி தட்டியது. கரண்ட் சிவப்பில் வந்து கறுப்பில் திரும்பியாக வேண்டும். அப்படியென்றால் தூரம் ஏழல்ல, பதினாலு. வாங்கும்போது இரண்டு நிறத்தையும் வாங்கியவர், கணக்கில் ஒன்றைக் கோட்டை விட்டிருந்தார். மூன்று பங்கு என்று போட்ட நஷ்டம் ஆறாகிவிட்டது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"போற டிக்கெட்டை மட்டும் போட்டிருக்கேங்க. வர்ற டிக்கெட்டை விட்டுட்டேன்."

கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டிட்டு, இதைப் போயி விடலாமா?"

சிஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் வேன் படியில் உட்கார்ந்து யோசித்தார். ஒயரைத் தடிமனாக்க வழியில்லை. பேட்டரியைக் கிட்டே கொண்டுவந்து தூரத்தைக் குறைத்தால்? டேப்பின் ஒரு முனையைக் கண்டக்டர் கையில் கொடுத்து, கூரையில் ஒயர் இறங்கும் ஓட்டையிலிருந்து அளந்துகொண்டே வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஜன்னலோரம், சரியாக மூன்று மீட்டர். போக மூன்று, வர மூன்று. மொத்தம் ஆறுதான்.

கண்டக்டரின் சிரிப்பு நின்றது. ஒரு மாதமாக அவர் கனவு கண்டுகொண்டிருந்த இடம் அது.

"அது என் ஜன்னல் சீட்டாச்சேம்மா!"

"பேட்டரியை அங்க வச்சு மரப்பெட்டி போட்டு மூடிடலாம். மேல மெத்தை தச்சுத் தர்றேன். அது கீழ, நீங்க மேல."

"கரண்ட் மேலயே உக்கார வைக்கப் பாக்குறியா?"

"பன்னிரண்டு வோல்ட் உங்களை என்ன பண்ணிடும்? என்னையே இத்தனை வருஷம் தாங்கிட்டீங்க."

மரப்பெட்டிக்குக் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டவரே கண்டக்டர்தான். வேண்டியதற்கு மேலேயே நாலைந்து போட்டார். சிஸ்டர் ஒயரை வெட்டி, ஃப்யூஸ் வைத்து, முனைகளை இறுக்கினார்.

மூன்றாம் நாள் நல்ல வெயில். சிஸ்டர் வோல்ட் மீட்டரைப் பேனல் பக்கம் வைத்துப் பார்த்தார், பேட்டரி பக்கம் வைத்துப் பார்த்தார். வித்தியாசம் கால் வோல்ட்தான், மூன்று பங்குக்குள் அடக்கம். ஃப்ரிட்ஜ் மெல்ல உறுமத் தொடங்கியது.

கண்டக்டர் மெத்தையின் ஓரத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சௌகரியமாகச் சாய்ந்து ஜன்னலைத் திறந்தார்.

"வழக்கமான சீட்டைவிட இது ஒரு சாண் உசரம். ரோடு நல்லாத் தெரியுது" என்றார்.

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தள்ளி உக்காருங்க" என்றார்.